ஆழம் பார்த்தவர்

எஸ்டேட் கேட்டைத் தாண்டிக் குமுளி ரோட்டில் இறங்கி நடந்துகொண்டிருந்தேன். ஒரு காலில்தான் செருப்பு. மற்றதைச் சதுப்பு வைத்துக்கொண்டது. ஒற்றைச் செருப்போடு நடந்தால் இடுப்பு பிடித்துக்கொள்ளும் என்பது என் பழைய அனுபவம். அதனால் இருந்ததையும் கழற்றி ஓரத்துப் புதரில் வீசிவிட்டு வெறுங்காலோடு நடந்தேன். எங்கள் குடும்பத்திடமிருந்து அந்தச் சதுப்பு பிடுங்கிக்கொண்ட இரண்டாவது பொருள் அந்தச் செருப்பு. முதல் பொருள் என்ன என்பதை அதற்கான இடத்தில் சொல்கிறேன்.

கையில் ஒரு மஞ்சள் பை. காலையில் அதற்குள் ஒரு புது வேட்டி, ஒரு புதுச் சேலை, சூடம், தீப்பெட்டி எல்லாம் இருந்தன. இப்போது வேட்டி மட்டும்தான் மிச்சம். பேண்ட்டில் தொடைவரை சேறு. பின்னால் வந்த ஜீப்புகளுக்குக் கை காட்டினேன், ஒன்றும் நிற்கவில்லை. நான் டிரைவராக இருந்தாலும் நிறுத்தியிருக்க மாட்டேன்.

நடக்கும்போது அப்பாவை நினைத்துச் சிரிப்பு வந்தது. வாய்விட்டே சிரித்துவிட்டேன். முப்பத்தொன்பது வயதில் அவரை நினைத்து நான் சிரித்தது அதுதான் முதல்முறை. சிரித்த உடனே பின்னால் திரும்பிப் பார்த்துக்கொண்டேன். அவர் செத்து ஐந்து மாதம் ஆகிறது. இருந்தாலும் பழக்கம் போகுமா?

எங்கள் ஊர் பாலக்காட்டில் எலப்புள்ளிக்குப் பக்கம். அப்பாவுக்குக் கஞ்சிக்கோட்டில் ஒரு கம்பெனியில் வாட்ச்மேன் வேலை. நல்ல உயரம். காக்கிச் சட்டை, முறுக்கின மீசை. தூரத்திலிருந்து பார்த்தால் போலீஸ் என்று தோன்றும். பக்கத்தில் வந்தாலும் போலீஸ் என்றுதான் தோன்றும், நிஜப் போலீஸ் வந்து நிற்கிறவரைக்கும்.

குடிக்க மாட்டார். பீடிகூடக் கிடையாது. குடித்துவிட்டு அடிக்கிற அப்பன் உள்ள வீடுகளில் விடிந்ததும் ஒரு வருத்தம், ஒரு சமாதானம், சில சமயம் ஒரு பொட்டலம் மிக்சராவது கிடைக்கும். எங்களுக்கு அந்த வசதியும் இல்லை. எங்கள் அப்பா முழு நிதானத்தோடு அடித்தார். அடித்து முடித்ததும் கை கழுவிவிட்டுச் சாப்பிட உட்காருவார்.

அவருக்கு ஆகாத சங்கதி உலகத்தில் ஒன்றே ஒன்று. சிரிப்பு. யார் எங்கே எதற்குச் சிரித்தாலும் அது தன்னைப் பார்த்துத்தான் என்று முடிவு கட்டிவிடுவார். பக்கத்து வீட்டில் சிரித்தால் எங்கள் வீட்டு ஜன்னலைச் சாத்துவார். ரேடியோவில் சிரித்தால் ரேடியோவை அணைப்பார். நாங்கள் சிரித்தால், சோற்றுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு மெதுவாகக் கேட்பார்:

"ஆருடா சிரிச்சது?"

கத்த மாட்டார். கூட்டத்தில் தொலைந்துபோன ஆளைத் தேடுகிற மாதிரி அக்கறையாகக் கேட்பார். இந்த இரண்டு சொல் காதில் விழுந்தால் அம்மா அடுப்பை அணைத்துவிடுவாள். எரிகிற அடுப்புக்குப் பக்கத்தில் அடி வாங்கக் கூடாது என்பது அவள் கற்றுக்கொண்ட பாடம்.

ஒரு கல்யாண வீட்டில் அப்பா உட்கார்ந்த பிளாஸ்டிக் நாற்காலியின் கால் மடங்கிப் பந்தி நடுவில் விழுந்தார். எல்லோரும் சிரித்தார்கள். மாப்பிள்ளைகூடச் சிரித்தான். அப்பாவும் வேட்டியைத் தட்டிக்கொண்டு எழுந்து, "சேரு பழசுங்க" என்று சொல்லிவிட்டு இலைக்கு முன்னால் உட்கார்ந்து பாயசம்வரை சாப்பிட்டார். வீட்டுக்கு வந்து கதவைத் தாழ் போட்டார். அங்கே சிரித்த இருநூறு பேரில் அவர் கைக்கு எட்டியது என் அக்கா மட்டும்தான். அவளுக்கு ஏழு வயது. முன்பல் ஒன்று அன்றைக்கு விழுந்தது. "பால் பல்லுதானே, எப்படியும் உழுகறதுதான்" என்றார்.

இன்னொருமுறை பொள்ளாச்சிச் சந்தைக்குப் போய்விட்டு நானும் அவரும் திரும்பும்போது கோபாலபுரம் செக்போஸ்ட்டில் பஸ்ஸை நிறுத்திப் பைகளைத் திறக்கச் சொன்னார்கள். அப்பாவின் பையில் மீசைக்குப் போடுகிற கறுப்புச் சாயம் இருந்தது. அதை எடுத்துப் பார்த்த போலீஸ்காரர், "சேட்டனு கல்யாணமோ?" என்று கேட்டார். பஸ் முழுக்கச் சிரித்தது. "ஆமாங்க சார், ஹிஹி" என்று அப்பா கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அப்போதுதான் எனக்கு ஒன்று விளங்கியது. இவருக்குக் கோபத்தை அடக்கத் தெரியும். நன்றாகவே தெரியும். யாரிடம் அடக்குவது, யாரிடம் அவிழ்ப்பது என்றும் தெரியும். அன்று சாயங்காலம் எனக்கு விழுந்ததை இங்கே எழுதவில்லை. பஸ்ஸில் நான் சிரிக்கவே இல்லை என்பதை மட்டும் பதிவு செய்கிறேன்.

இவ்வளவு பெரிய வீரருக்கு ஒரு விஷயத்தில் மட்டும் கூச்சம் உண்டு. சேற்றில் கால் வைக்க மாட்டார். மழைக்காலத்தில் வீட்டைச் சுற்றி ஓரமாகவே நடந்து வாசலுக்கு வருவார். எங்களுக்குக் கொஞ்சம் வயல் இருந்தது. மடை திறப்பது, நாற்று நடுவது, களை எடுப்பது எல்லாம் அம்மா. அப்பா வரப்பில் நின்றுகொண்டு அதிகாரம் செய்வார். வரப்பைக்கூடத் தடியால் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் கால் வைப்பார். கேட்டால், "சேறு எனக்கு ஆகாது, சளி புடிக்கும்" என்பார். வாளி வாளியாகத் தண்ணீரில் குளிக்கிற ஆளுக்குச் சேற்றில்தான் சளி பிடிக்குமாம்.

எங்களை அடக்கி வைக்க அவரிடம் ஒரு கதை இருந்தது. கல்யாணத்துக்கு முன்னால் அவர் குமுளிப் பக்கம் ஒரு ஏல எஸ்டேட்டில் கொஞ்ச காலம் வேலை பார்த்தவர். "ஏலக்காட்டுச் சதுப்புல ஒருத்தனக் கழுத்து முட்ட அமுக்கிப்போட்டு வந்தவன் நானு. அவனும் சிரிச்சவன்தான். இன்னிக்கு வரைக்கும் எவனும் வந்து கேக்குல" என்பார். சொல்லிவிட்டு மீசையைத் தடவுவார். அந்த எஸ்டேட்டின் பெயரையும் சொல்வார். பெயர் இருந்ததால் கதைக்கு ஒரு கனம் வந்துவிட்டது.

அம்மா இதை நம்பினாள். நாங்களும்தான். ஒருமுறை அவளைக் கூட்டிக்கொண்டு போக அவளுடைய அண்ணன்மார் இரண்டு பேர் வேலந்தாவளத்திலிருந்து வந்தார்கள். மூட்டை கட்டி, அக்காவையும் என்னையும் சட்டை மாற்றச் சொல்லிவிட்டாள். அப்பா அவர்களை உட்கார வைத்து, காப்பி கொடுத்து, சதுப்புக் கதையைச் சொன்னார். மாமன்மார் காப்பியைக் குடித்துவிட்டு, "பாத்து நடந்துக்க அம்மணி" என்று அம்மாவுக்குப் புத்தி சொல்லிவிட்டுக் கடைசிப் பஸ்ஸைப் பிடித்தார்கள். மூட்டையை அம்மா பிரித்தாள்.

ஆனால் அவள் ஒன்று செய்தாள். ஒவ்வொரு அமாவாசைக்கும் காக்காய்க்குச் சோறு வைக்கும்போது, எங்கள் முன்னோர்களுக்கு ஒரு இலை, அதற்குப் பக்கத்தில் இன்னொரு இலை. இரண்டாவது இலை, அப்பா அமுக்கிக் கொன்ற ஆளுக்கு. பெயர் தெரியாததால் "ஏலக்காட்டுத் தம்பி" என்று சொல்லிக் கும்பிடுவாள். யார் பெற்ற பிள்ளையோ, கரை ஏற்றக்கூட ஆள் இல்லாமல் போனானே என்று அந்த இலைக்கு ஒரு வடை கூடுதலாக இருக்கும். அப்பா வீட்டில் இல்லாத நேரம் பார்த்துத்தான் வைப்பாள்.

ஒரு அமாவாசையன்று அப்பா இரவு டூட்டி முடித்துவிட்டு எங்கேயோ சுற்றி, மத்தியானம் நல்ல பசியோடு திடீரென்று வந்து நின்றார். சுவர்மேல் வைக்கப்போன இரண்டாவது இலை சமையலறையிலேயே இருந்தது. "இது ஆருக்குடி?" என்றார். "எங்க சித்தப்பனுக்குங்க" என்றாள் அம்மா. "செத்தவன் என்னத்தத் திங்கறான்" என்று சொல்லி, உட்கார்ந்து, வடை உட்பட வழித்துத் தின்றுவிட்டு ஏப்பம் விட்டார். அம்மா அன்றைக்கு முழுக்க அழுதாள். கொன்றதும் இல்லாமல் செத்தவன் சோற்றையும் தின்றுவிட்டாரே, இந்தப் பாவத்தை எந்தத் தண்ணீரில் கழுவுவது என்று எங்களிடம் கேட்டாள். எனக்கு அப்போது பத்து வயது.

ஒன்பதாவது படிக்கும்போது பள்ளிக்கூடத்து மார்க்குக் கார்டில் கையெழுத்துப் போட அப்பாவிடம் கொடுத்தேன். பேனா எழுதவில்லை. உதறினார். மை அவருடைய மூக்கிலேயே போய் விழுந்தது. நான் சிரித்துவிட்டேன். இடது முழங்கை அன்றைக்கு உடைந்தது. சரியாகக் கூடவில்லை. இன்றைக்கும் கையை நீட்டினால் கொஞ்சம் வளைந்துதான் நிற்கும். மூட்டை தூக்க வசதியான வளைவு அது. கட்டு அவிழ்த்த வாரமே வீட்டை விட்டுக் கிளம்பிவிட்டேன். அதோடு படிப்பும் சரி. பிறகு லாரி கிளீனர், ஓட்டலில் மாவாட்டுவது, செங்கல் சூளை, கிணறு தூர் வாருவது. ஒரு இடத்தில் ஆறு மாதத்துக்கு மேல் எனக்கு இருப்பு கொள்ளாது. கிடைத்த இடத்தில் தூங்கினேன், கிடைக்காத நாள் தூங்கவில்லை. அப்பா டூட்டிக்குப் போயிருக்கிற நேரமாகப் பார்த்து ஊருக்குப் பக்கத்துக் கடைக்கு அம்மாவை வரச்சொல்லி வருஷத்துக்கு ஒன்றிரண்டு முறை பார்ப்பேன்.

அப்பா தூக்கத்தில் செத்தார். ஒரு இருமல்கூட இல்லை. வந்தவர்கள் எல்லாம், "புண்ணியவான், நோவு நொடி இல்லாமப் போயிட்டாரு" என்றார்கள். நானும் அக்காவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அக்காவுக்கு அந்தப் பல் திரும்பக் கோணலாகத்தான் முளைத்திருக்கிறது.

காரியமெல்லாம் முடிந்த பிறகு அம்மா என்னைக் கூப்பிட்டு மஞ்சள் பையைக் கையில் கொடுத்தாள்.

"சாமி, அந்த ஏலக்காட்டுக்கு ஒரு நடை போயிட்டு வாடா. அந்தத் தம்பி பேரு என்னன்னு கேட்டுட்டு வா. அவனுக்கு அம்மாளோ, பொண்டாட்டியோ ஆராச்சும் இருந்தா இந்தச் சேலையைக் குடு. வேட்டி அவன் சொந்தக்காரங்களுக்கு. எங்கூட்டுக்காரர் பண்ணுனதுக்கு நான் காலுல உழுகறேன்னு சொல்லு."

"இத்தன வருசம் கழிச்சு அவிங்க போலீசுக்குப் போனா?"

"போனாப் போகட்டும். செத்தவரையா புடிச்சுட்டுப் போகப்போறாங்க? பேரு தெரியாம நான் சாகக் கூடாதுடா. மேல போயி அவனை என்னன்னு சொல்லிக் கூப்புடுவேன்?"

அவளுக்கு இது ஒன்றுதான் பாக்கி இருந்தது. எனக்கும் ஒரு கணக்கு இருந்தது, அதை அவளிடம் சொல்லவில்லை. அந்தச் சதுப்பில் ஏதோ ஒரு பெரிய காரியம் நடந்திருக்க வேண்டும், அதுதான் இந்த மனுஷனை இப்படி ஆக்கியிருக்க வேண்டும் என்று நினைத்திருந்தேன். உடைந்த முழங்கைக்கு அந்தஸ்தான ஒரு காரணம் வேண்டியிருந்தது.

நாலு பஸ் மாறிக் குமுளி வந்து, ஜீப்பில் தொற்றிக்கொண்டு எஸ்டேட்டுக்குப் போனேன். சூப்பர்வைசர் மலையாளி. சதுப்பில் செத்தவர் விவரம் கேட்டதும் முகம் மாறிவிட்டது. "இவிடெ ஆரும் மரிச்சிட்டில்ல, கேட்டோ. வெறுதே கேஸ் உண்டாக்கண்டா" என்று, வீணாகக் கேஸ் கிளப்பாதே என்கிற மாதிரி அனுப்பிவிட்டார். இப்படி மறுத்ததும் எனக்குச் சந்தேகமே இல்லாமல் போய்விட்டது. எஸ்டேட் எதையோ மறைக்கிறது.

கீழே, இரண்டு மலைக்கு நடுவில் அந்தச் சதுப்பு கிடந்தது. நான் ஏதோ பயங்கரமான இடம் என்று நினைத்திருந்தேன். பார்த்தால் நடவு முடிந்த வயல் மாதிரி பச்சையாக, சமமாக, அழகாக இருந்தது. ஏழெட்டுப் பெண்கள் அதற்குள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தார்கள். ஓரத்து ஏலச்செடிகள் அழுகாமல் இருக்கத் தண்ணீரை வடித்துவிடும் வாய்க்கால் வெட்டுகிற வேலை. தோட்டத்தில் அதைக் கான் வெட்டு என்கிறார்கள். கால்களுக்குக் கீழே பலகை. முன்னால் போகிறவள் மூங்கிலால் குத்திப் பார்த்து ஒரு பலகையைப் போடுவாள். எல்லோரும் ஒரு பலகை முன்னேறியதும், கடைசி ஆள் பின்னால் காலியான பலகையைத் தூக்கி முன்னுக்குக் கொடுப்பாள். இப்படிப் பாதையைக் கூடவே தூக்கிக்கொண்டு நடந்தார்கள்.

முன்னால் மூங்கில் பிடித்திருந்தவள் அந்தோணியம்மா. அறுபதைத் தாண்டியவள், இரும்பு மாதிரிக் கை. மூன்று தலைமுறையாக அங்கேயே இருக்கிற குடும்பம். அவள் பின்னால் திரும்பி வழி சொல்லிக்கொண்டே போனாள்.

"மேரி குழிப் பக்கம் சாயாதீகடி. கணக்கப்பிள்ளை குழிக்கு மேலால வாங்க. செல்வி, பாலக்காட்டான் குழிகிட்ட ரெண்டு பலகையாப் போடு."

பாலக்காட்டான் குழி. அப்படியானால் செத்தவன் எங்கள் ஊர்ப்பக்கத்து ஆள். புதைந்த இடத்துக்கு அவன் ஊர்ப்பெயரையே வைத்திருக்கிறார்கள். பலகைமேல் ஏறி அவர்கள் பின்னாலேயே போனேன். குழிக்குப் பக்கத்தில் பலகையில் சூடத்தை வைத்துக் கொளுத்திக் கையைக் கூப்பினேன்.

"ஏப்பா! யாருப்பா அது? ஏலக்காட்டுல என்னத்தக் கொளுத்துற?"

"இங்க செத்தவருக்குங்க. எங்கம்மா சொல்லிவிட்டாங்க."

"யாரு செத்தா?"

"இந்தப் பாலக்காட்டுக்காரருங்க." அதற்கு மேல் மறைத்துப் பிரயோசனமில்லை என்று சொல்லிவிட்டேன். "எங்கப்பாதாங்க அவரை அமுக்குனாரு. மன்னிப்புக் கேக்க வந்தனுங்க."

அந்தோணியம்மா மூங்கிலை ஊன்றிக்கொண்டு என்னைக் கீழிருந்து மேல்வரை பார்த்தாள். அப்பா பெயரைக் கேட்டாள். சொன்னேன்.

"நெட்டையா இருப்பானா? பேசுறதுக்கு முந்தி மீசையத் தடவிக்கிருவானா?"

"ஆமாங்க."

"யாத்தே!" என்று அவள் பலகையிலேயே உட்கார்ந்துவிட்டாள். "அடக் கிறுக்குப்பய மவனே, இந்தக் குழியே உங்கப்பன் குழிதான்டா!"

அதற்குப் பிறகு அவர்கள் சிரித்த சிரிப்பில் பலகை ஆடியது. நான் நிலை தடுமாறி ஒரு காலைச் சதுப்பில் வைத்தேன். தொடைவரை உள்ளே போனது. இரண்டு பேர் அக்குளில் கை கொடுத்து இழுத்தார்கள். கால் வந்தது, செருப்பு வரவில்லை.

அந்தச் சதுப்பில் ஒரு வழக்கம். யாராவது புதைந்து மீண்டால் அந்த இடத்துக்கு அவர் பெயரை வைத்துவிடுவார்கள். சாயங்காலம் தொழிலாளர் வீட்டு வரிசையான லயத்து வாசலில் எல்லோரும் கடுங்காப்பியோடு உட்காரும்போது, புதைந்தவர் தன் கதையைத் தன் வாயாலேயே சொல்ல வேண்டும். எல்லோரும் சிரிப்பார்கள், சொல்கிறவரும் சிரிப்பார், அத்தோடு சரி. பிறகு வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு இந்தக் கதைகளையெல்லாம் சொல்லித்தான் பலகையில் ஏற்றுவார்கள். எங்கே கால் வைக்கக் கூடாது என்பதற்கு அங்கே வேறு அடையாளம், போர்டு எதுவும் கிடையாது.

"உங்கப்பன் வந்து நாலு நாளுதான் ஆச்சு," என்றாள் அந்தோணியம்மா. "எனக்குப் பதினெட்டு வயசு. பலகையில ஏறுய்யான்னா, இது பொம்பளைகளுக்குன்னான். எங்க ஊரு வயல்ல பாக்காத சேறாங்குறான். வயல்ல முழங்காலுக்குக் கீழ கெட்டித் தரை இருக்கும், ஓங்கி மிதிச்சா கால் நிக்கும். இங்க ஏது தரை? அவன் என்னான்னா, தரை வரட்டும் தரை வரட்டும்னு மிதிக்கிறான். மிதிக்க மிதிக்க எறங்குறான்."

"இடுப்பு வரைக்கும்," என்றாள் செல்வி. அவளுக்கு முப்பது வயதுகூட இருக்காது. எல்லாம் நேரில் பார்த்த மாதிரி சொன்னாள். "படுத்துரு, பல்லி மாதிரி குப்புறப் படுத்து ஊர்ந்து வான்னு எல்லாரும் கத்துறாக. படுக்க மாட்டேங்குறாரு."

"பொம்பளைக முன்னாடி ஊர்றதான்னு வெக்கம். கையக் கட்டிக்கிட்டு நிக்கிறான்டா, சேத்துக்குள்ள! என்னய்யா பண்றன்னு கேட்டா என்ன சொன்னான் தெரியுமா?"

வரிசையில் இருந்த அத்தனை பேரும் ஒன்றாகச் சொன்னார்கள்:

"சும்மா நிக்கறேன், ஆழம் பாக்கறேன்!"

நெஞ்சுவரை ஆழம் பார்த்திருக்கிறார். பிறகு ஆறு பெண்கள் பலகை போட்டுப் படுத்து, கயிறு கட்டி, ஒன்று இரண்டு மூன்று சொல்லி இழுத்திருக்கிறார்கள். அப்பா வந்துவிட்டார். வேட்டி வரவில்லை. சதுப்பு பிடுங்கிக்கொண்ட முதல் பொருள் அதுதான்.

"சாயங்காலம் கதை சொல்லக் கூப்புட்டா ஆளைக் காணோம்," என்றாள் அந்தோணியம்மா. "யார்கிட்டயும் சொல்லாம மலை எறங்கிட்டான். இந்தச் சதுப்புல கதை சொல்லாமப் போனவன் அவன் ஒருத்தன்தான்."

நான் அதைத் திருத்தினேன். கதையைச் சொல்லத்தான் செய்தார், நாற்பது வருஷம் எங்களிடம் சொன்னார். ஆளை மட்டும் மாற்றிவிட்டார் என்றேன். எங்கள் வீட்டில் சிரிக்கக் கூடாது என்று அவர் எங்கள் பல்லையும் கையையும் உடைத்துக்கொண்டிருந்த அதே காலத்தில், இங்கே வேலைக்கு வந்த ஒவ்வொரு ஆளும் அவரை நினைத்துச் சிரித்துவிட்டுத்தான் பலகையில் ஏறியிருக்கிறார்கள். அன்றைக்குக் கட்டிக்கொண்ட கையை அவர் எங்கள் வீட்டுக்கு வந்துதான் அவிழ்த்திருக்கிறார்.

"பிள்ளைகுட்டியெல்லாம் நல்லா வச்சிருந்தானா?" என்று கேட்டாள்.

இடது கையை நீட்டிக் காட்டினேன். அவள் அந்த வளைவைத் தொட்டுப் பார்த்தாள். சிரிப்பு நின்றுவிட்டது.

"எதுக்குடா இது?"

"சிரிச்சதுக்குங்க."

"எம் பேர்லயும் மேக்கால ஒரு குழி கெடக்கு," என்றாள். "மேரிக்கு இருக்கு, கணக்கப்பிள்ளைக்கு இருக்கு. நாங்க எல்லாம் வீட்டுக்குப் போயி யாரு கையை ஒடிச்சோம்? இப்படின்னு தெரிஞ்சிருந்தா இன்னும் கொஞ்ச நேரம் ஆழம் பாக்க விட்டுட்டுத்தான்டா தூக்கிருப்பேன்."

அந்தஸ்தான காரணம் தேடி வந்தவனுக்குக் கிடைத்தது இவ்வளவுதான்: ஒரு குழி, அதில் ஒரு வேட்டி. சேலையை எடுத்து அவளிடம் கொடுத்தேன். யாருக்கு எடுத்தது என்று சொன்னேன். "பொணத்தோட பொண்டாட்டிக்கா? குடு, குடு. துணி துணிதான்," என்று வாங்கித் தோளில் போட்டுக்கொண்டாள். நான் கிளம்பும்போது, "பின்பலகை தூக்க ஒரு ஆள் கொறையுது. வேலை வேணும்னா காலைல ஆறரைக்குப் பெரட்டுக்கு வா. உங்கப்பன் எடம் இன்னும் காலியாத்தான் கெடக்கு" என்றாள். ஆட்களைப் பிரித்து வேலைக்கு அனுப்பும் இடத்துக்குப் பெரட்டு என்று பெயர். வேண்டாம் என்று சொல்லிவிட்டுத்தான் நடந்தேன்.

குமுளி பஸ் ஸ்டாண்டுக்கு வந்து சேர்ந்தபோது இன்னும் வெளிச்சம் இருந்தது. அம்மாவுக்குப் போன் செய்தேன்.

"பேரு தெரிஞ்சுதா சாமி?"

"தெரிஞ்சுதும்மா." முழுக்கச் சொன்னேன். வேட்டி போனதையும் சொன்னேன்.

"அப்ப ஆரும் சாகுலயா?"

"ஆரும் சாகுல."

"அப்ப நான் இத்தன வருசம் ஆருக்குடா சோறு வெச்சேன்?"

போனில் ஒரு மாதிரியான சத்தம் வந்தது. அழுகிறாள் என்று நினைத்து, "அழுவாதம்மா" என்றேன்.

"அன்னிக்கு... டூட்டி முடிஞ்சு வந்து..." அவளுக்கு மூச்சு வாங்கியது. "அந்த எலையை... வடையோட..." அடக்க முடியாமல் வெடித்தது. "அவருக்கு வெச்சத அவரேதான்டா தின்னிருக்கறாரு!"

அம்மா சிரித்துக்கொண்டிருந்தாள். அவள் சிரிப்பு எப்படி இருக்கும் என்று அதுவரை எனக்குத் தெரியாது. கொஞ்சம் கரகரப்பாக, விக்கல் மாதிரி விட்டு விட்டு வந்தது. நானும் சிரித்தேன். பஸ் ஸ்டாண்டில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். திடீரென்று அவள் நிறுத்திக்கொண்டாள். குரல் இறங்கிவிட்டது.

"சத்தமாச் சிரிச்சுட்டனா சாமி?"

"யாரும்மா இருக்கறாங்க அங்க?"

"ஆருமில்ல," என்றாள். அதைச் சொல்லிவிட்டுத்தான் அவளுக்கே அது உறைத்த மாதிரி இருந்தது. பிறகு, "இது தெரிஞ்சிருந்தா எங்கண்ணனுங்க வந்தன்னிக்கே போயிருப்பனேடா. மூட்டையெல்லாம் கட்டிட்டனே" என்றாள். போனை வைத்துவிட்டாள்.

கம்பம் பஸ் வந்தது. ஏறவில்லை. அடுத்ததும் வந்து போனது. கையிலிருந்த காசுக்குக் கிடைத்த ஒரு அறையில் பேண்ட்டை அலசிப் போட்டுவிட்டுப் படுத்தேன். மலைக் குளிருக்கு அது காலையிலும் காயவில்லை. மாற்றுத் துணி என்று பையில் இருந்தது ஒன்றுதான். ஏலக்காட்டுத் தம்பிக்கு எடுத்த வேட்டியைக் கட்டிக்கொண்டு முதல் ஜீப்பில் ஏறினேன்.

பெரட்டில் எல்லோரும் வரிசையாக நின்றிருந்தார்கள். அந்தோணியம்மா என்னைப் பார்த்துக் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டாள். சூப்பர்வைசர் நோட்டைத் திறந்து, "பேரெந்தா?" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் பின்னாலிருந்து செல்வி சொன்னாள்:

"பாலக்காட்டான் மவன் சாரே! ஏண்ணே, வேட்டிய நல்லா இறுக்கிக் கட்டிக்க. ஒங்க குடும்பத்துக்கு அது தங்காது."

வரிசை முழுக்கச் சிரித்தது. சூப்பர்வைசரும் நோட்டால் வாயை மறைத்துக்கொண்டு சிரித்தார்.

என் காது சூடானது. அந்தச் சூட்டை அதற்கு முன்னால் வெளியிலிருந்துதான் பார்த்திருக்கிறேன். கழுத்திலிருந்து ஏறி, காது மடலில் நின்று, பிறகு கைக்கு இறங்கும். கைக்கு இறங்கியது. நாக்கின் நுனிவரை இரண்டு சொல் வந்து நின்றன. ஒரு நொடிதான். சுற்றிலும் பார்த்தேன். யார் சிரித்தது என்று கேட்கத் தேவையே இல்லாமல் எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

"என்னப்பா நின்னுட்ட?" என்றாள் அந்தோணியம்மா. "பலகையத் தூக்கு. ரெண்டு கையும் வேணும் அதுக்கு."

வேட்டியை அவிழ்த்து, எல்லோரும் பார்க்க, இறுக்கிக் கட்டிக்கொண்டேன். பிறகு பின்பலகையை இரண்டு கையாலும் பிடித்துத் தூக்கினேன்.